பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டுப் பொறியியல் பக்கம் போக வழி இருக்கிறதா?

மன்னை_மாணவி

எல்லோருக்கும் வணக்கம். பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. அரசு உதவி பெறும் கல்லூரி, இதுவரை 78 சதவீதம். பிளஸ் டூவில் கணிதம் எடுத்தேன், கட்-ஆஃப் குறைந்துவிட்டது, கடன் வாங்கி எங்கேயாவது பி.இ. சேர வேண்டாம் என்று இங்கே வந்தேன். வந்த பிறகு பாடம் உண்மையிலேயே பிடித்துவிட்டது, அதிலும் ஒளியியலும் எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகமும். வீட்டில் பி.எட். முடி, டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) எழுது என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் தப்பில்லை, ஆனால் எனக்குக் கருவிகளோடு வேலை செய்யத்தான் ஆசை. எம்.எஸ்சி. போவதா, நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. போவதா, எம்.எஸ்சி. முடித்து எம்.டெக். போனால் வேலை கிடைக்குமா? எனக்குப் பின்னால் தம்பி படிக்க வேண்டும், அதனால் ஏழெட்டு வருடம் சம்பளமே இல்லாமல் ஓட்ட முடியாது. இந்த வழியில் போனவர்கள் சொல்லுங்கள்.

கோவை_கதிர்

தங்கச்சி, கருவிகளோடு வேலை என்று சொன்னதால் என் வேலையைச் சொல்கிறேன். நான் புற்றுநோய் மருத்துவமனையில் மருத்துவ இயற்பியலாளர். கதிர்வீச்சு சிகிச்சை கொடுக்கும் லினாக் என்ற இயந்திரம் சரியான அளவு டோஸ் கொடுக்கிறதா என்று அளப்பதும், ஒவ்வொரு நோயாளிக்கும் எந்தக் கோணத்தில் எவ்வளவு என்று திட்டம் போடுவதும் எங்கள் பொறுப்பு. நோயாளிகள் போன பிறகு சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியில் அயான் சேம்பரை (கதிர்வீச்சை அளக்கும் சின்னக் கருவி) இறக்கி அளவெடுப்போம். அந்தச் சேம்பருக்குள் இருப்பது வெறும் காற்று, வெளிக்காற்றோடு தொடர்புள்ளது. கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேலே இருப்பதால் இங்கே காற்றழுத்தம் சுமார் 965 மில்லிபார்தான், அதாவது சேம்பருக்குள் காற்று குறைவு, அளவும் ஏறக்குறைய 5 சதவீதம் குறைவாகக் காட்டும். இதைத் திருத்தாமல் விட்டால் இயந்திரம்தான் குறைவாகக் கொடுக்கிறது என்று நினைத்து ஏற்றிவிடுவோம், நோயாளிக்கு 5 சதவீதம் அதிகமாகப் போய்விடும். மாதச் சோதனையில் 2 சதவீத விலகலே அதிகம். முதலாமாண்டில் படித்த வாயு விதிதான், அதைத் தினமும் வெப்பமானியும் அழுத்தமானியும் வைத்துப் போடுகிறோம்.

வழி இதுதான்: மருத்துவ இயற்பியலில் இரண்டு வருட எம்.எஸ்சி. (அண்ணா பல்கலைக்கழகத்திலும் பாரதியார் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது), அப்புறம் மருத்துவமனையில் ஒரு வருடப் பயிற்சி. சாதாரண எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தவர்கள் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் கதிரியல் இயற்பியல் டிப்ளமோ படித்தும் வரலாம். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி தகுதியுள்ள இயற்பியலாளர் இல்லாமல் லினாக்கை ஓட்டவே முடியாது, அதனால் இந்தப் படிப்புக்கு வேலை ஒட்டியே வருகிறது. சேருமுன் ஒன்றை மட்டும் கட்டாயம் கேளுங்கள்: அந்தக் கல்லூரி எந்த மருத்துவமனையோடு இணைந்திருக்கிறது, மாணவர்கள் இயந்திரத்தில் கை வைக்க விடுவார்களா. அது இல்லையென்றால் சேராதீர்கள்.

திருச்சி_செந்தில்

நான் பி.எஸ்சி. முடித்து நேரடி இரண்டாம் ஆண்டில் மின்னணுவியல் பி.இ. சேர்ந்தவன். பிளஸ் டூவில் கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகளுக்கு இது திறந்திருக்கிறது. மூன்று வருடம், கூடவே முதலாண்டுப் பாடங்களான பொறியியல் வரைபடத்தையும் இயந்திரவியலையும் எழுதித் தேற வேண்டியிருந்தது. வயதில் சின்னப் பையன்களோடு உட்காருவதெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும்.

எம்.எஸ்சி., எம்.டெக். வழியை நிறையப் பேர் சொல்வார்கள். ஆனால் கேட் (எம்.டெக். நுழைவுத் தேர்வு) மதிப்பெண் வைத்துப் பொறியாளர் எடுக்கும் பொதுத்துறை நிறுவனங்கள் பலவற்றின் விளம்பரத்தில் பி.இ., பி.டெக். என்றுதான் இருக்கும். எம்.எஸ்சி.க்கு மேல் எம்.டெக். வாங்கியிருந்தாலும் அங்கே கதவு திறக்காது. அந்த மாதிரி வேலைதான் குறி என்றால் பி.இ.யைத் தவிர வேறு வழி பார்க்காதீர்கள்.

வெற்றிடம்

செந்தில் சொன்ன பொதுத்துறை விஷயம் சரி. ஆனால் கேள்வி கேட்டவருக்குப் பிடித்தது ஒளியியலும் ஆய்வகமும், அதற்காக மறுபடி இரண்டாம் ஆண்டிலிருந்து மூன்று வருடம் கட்டணம் கட்டிப் படிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எம்.எஸ்சி. இயற்பியலுக்குப் பிறகு கேட் இயற்பியல் தாள் எழுதி எம்.டெக். போக நல்ல இடங்கள் இருக்கின்றன: கொச்சி பல்கலைக்கழகமான குசாட்டில் லேசர் சார்ந்த எம்.டெக்., ஐஐடி டெல்லி இயற்பியல் துறையின் ஒளியியல் எம்.டெக்., பெங்களூரு ஐஐஎஸ்சியில் (இந்திய அறிவியல் கழகம்) கருவியியல். கேட் மதிப்பெண்ணோடு சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வரும், வீட்டுக்குப் பாரமில்லை.

நான் மெல்லிய படலம் பூசும் இயந்திரங்கள் செய்யும் நிறுவனத்தில் இருக்கிறேன், லென்ஸ்களுக்கும் வடிகட்டிகளுக்கும் பூச்சு போடுவது. பாதி நாள் வெற்றிடத்தோடுதான் போராட்டம். சராசரி மோதலிடைத் தூரம் படித்திருப்பீர்கள், ஒரு மூலக்கூறு அடுத்த மோதல் வரை சராசரியாகப் போகும் தூரம். 10⁻³ மில்லிபாரில் அது ஆறேழு சென்டிமீட்டர், 10⁻⁶-இல் அறுபது எழுபது மீட்டர். ஆவியாகும் உலோகம் வழியில் காற்றோடு மோதாமல் கண்ணாடி வரை போக வேண்டுமென்றால் ஏன் அவ்வளவு கீழே இறக்குகிறோம் என்று இதிலேயே தெரிந்துவிடும். புதிதாக வருகிறவர்களுக்குச் சமன்பாடு தெரியும், ஆனால் அழுத்தம் இறங்காமல் நின்றால் என்ன செய்வதென்று தெரியாது. மூடியை இறுக்கி அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரு முடி இருக்கலாம், யாரோ கையுறை போடாமல் தொட்ட இடத்து எண்ணெய் மெல்ல ஆவியாகிக்கொண்டிருக்கலாம். பம்பை மூடிவிட்டு அழுத்தம் எப்படி ஏறுகிறது என்று பார்த்தால் கசிவா ஆவியா என்று பிரித்துவிடலாம்: கசிவென்றால் ஒரே சீராக ஏறும், ஆவியென்றால் போகப்போகத் தணியும். நேர்காணலில் நான் கேட்பது இந்த மாதிரிக் கேள்விகளைத்தான், மதிப்பெண்ணை அப்புறம்தான் பார்க்கிறேன். உங்கள் கல்லூரியில் காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கும் ரோட்டரி பம்ப் ஒன்று மூலையில் துணி போர்த்திக் கிடந்தால், ஆசிரியரைக் கேட்டு அதை ஓட்டிப் பாருங்கள்.

மன்னை_மாணவி

ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. கோவை அக்கா சொன்ன வேலை இருப்பதே எங்கள் கல்லூரியில் யாருக்கும் தெரியாது. பொதுத்துறை எனக்குக் குறி இல்லை, அதனால் எம்.எஸ்சி. என்று முடிவு செய்துவிட்டேன். இந்த வருடமே ஜாம் (ஐஐடி போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேர எழுதும் நுழைவுத் தேர்வு) எழுதலாமா? பயிற்சி மையத்துக்குப் பணம் இல்லை.

வெற்றிடம்

தாராளமாக எழுதுங்கள், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் எழுதலாம். தேர்வு பிப்ரவரியில் வரும், விண்ணப்பம் செப்டம்பர் வாக்கில் திறக்கும், தவறவிட்டுவிடாதீர்கள். மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். அதில் 20 கேள்விக்கு விடை கொடுத்திருக்க மாட்டார்கள், எண்ணை நீங்களே கணக்கிட்டுத் தட்ட வேண்டும், தப்பானாலும் மதிப்பெண் குறையாது. நம் பல்கலைக்கழகத் தேர்வில் தருவித்தல் எழுதிப் பழகியவர்கள் தடுமாறுவது அங்கேதான். பழைய வினாத்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, பயிற்சி மையம் வேண்டாம். கணித இயற்பியலையும் இயந்திரவியலையும் முதலில் முடியுங்கள், எங்கே சிக்குகிறதோ அந்தக் கணக்கை இங்கேயே போடுங்கள், பார்க்கிறேன்.

கோவை_கதிர்

ஜாமோடு மருத்துவ இயற்பியல் எம்.எஸ்சி. விண்ணப்பங்களையும் தனியாகப் போட்டுவையுங்கள், சேர்க்கை வேறு. எங்கள் துறையை நேரில் பார்க்க வேண்டுமென்றால் உங்கள் துறைத் தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், சனிக்கிழமை மதியம் அளவெடுப்பு இருக்கும்.