படக்கதையை இசை நாடகமாக்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி (பென்னாகரம்): ஒகேனக்கல் பரிசல்காரர் மகளைப் பற்றி 32 பக்கப் படக்கதை எழுதியிருக்கிறேன், படங்கள் நண்பருடையவை. ஒரு மணி நேர இசை நாடகமாக்க வேண்டும். எத்தனை பாட்டு, எங்கெங்கே?

பதில் 1: மெட்டில் தொடங்காதீர்கள். எழுத்தில்லாமல் படம் மட்டும் பேசும் பக்கங்களைக் குறியுங்கள். பாட்டுக்கான இடம் பெரும்பாலும் அங்கேதான். ஏழெட்டுப் பாட்டு, தலா இரண்டு மூன்று நிமிடம் போதும். பாட்டு முடியும்போது கதை நகர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கூட்டம் டீக்கடைக்கு எழுந்துவிடும். ‘மறுநாள் காலை’ மாதிரி வரிகளைக் கதையை இடையிடையே சொல்லி நகர்த்தும் கட்டியங்காரனிடம் விடுங்கள். தெருக்கூத்தில் அவர் வேலையே அதுதானே!

பதில் 2: பாடும் பெண்ணின் குரலுக்கேற்பச் சுருதி வையுங்கள், ஆர்மோனியக்காரர் வசதிக்கு அல்ல. திறந்தவெளியில் மத்தளம் சொற்களை விழுங்கிவிடும். ஒத்திகையில் கடைசி வரிசையிலிருந்து கேட்டுப் பாருங்கள்.

பதில் 3: படங்களின் பதிப்புரிமை ஓவியருக்குத் தனி. மேடை, சுவரொட்டி இரண்டுக்கும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இசையமைப்பாளரிடமும் அப்படியே.