அம்மா படுத்துட்டு திரும்பினாலே வீடே சுத்துது, கழுத்து எலும்புன்றாங்க, நெஜமா?

குடியாத்தம் சின்னவன்:
எங்கம்மாவுக்கு 58 வயசு. பத்து நாளா தலை சுத்தல், சும்மா கிறுகிறுன்னு இல்ல, வீடே சுத்துதுன்றாங்க. மொத தடவ வெடிகாலம் 4:30க்கு, போன்ல அலாரம் அடிக்குதேன்னு அமத்த வலது பக்கம் திரும்பினாங்க, அவ்ளோதான், ஃபேன் மேல வந்து வுழுதுடான்னு கட்டில் கம்பிய புடிச்சிக்கினு ஒரே கத்து, ஓடிப்போய் பாத்தா கண்ண இறுக்கி மூடிக்கினு வேர்த்து ஊத்துது, அப்பால வாந்தி. அன்னிலருந்து படுக்கும்போது எழும்போது, பரண் மேல கீற அண்டாவ அண்ணாந்து பாத்தாகூட வருது. பிபி 130/80, சுகர் இல்ல. பக்கத்துல ஒரு கிளினிக்ல எக்ஸ்ரே எடுத்து கழுத்து எலும்பு தேய்மானம்னு பட்டை மாட்டி வுட்டாங்க. மாத்திரை போட்டா தூக்கம்தான் வருது. பயந்துபோய் உக்காந்துக்கினே தூங்குறாங்க, பாக்கவே கஷ்டமா கீது. யாருக்காச்சும் தெரிஞ்சா சொல்லுங்க.

ஆற்காடு அக்கா:
பித்தம் தம்பி. இந்த வெயில்ல வராம இன்னா பண்ணும். இஞ்சி சாறு தேன் கலந்து வெறும் வயித்துல குடுங்க.

காட்பாடி பிசியோ:
அக்கா கோச்சிக்காதீங்க, பித்தம் திரும்பிப் படுத்தா மட்டும் வராது. தம்பி, நாலு விஷயம் சொல்லுங்க. சுத்தறது எத்தன செகண்டு? காது மந்தம், இரைச்சல் இருக்கா? பேச்சு குழறுதா, எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதா, கை கால் மரத்துப்போகுதா? சுத்தாத நேரத்துல நேரா நடக்குறாங்களா? மூணாவதுல ஏதாச்சும் இருந்தாலோ நடக்கவே முடியலனாலோ இங்க கேட்டுக்கினு இருக்காதீங்க, உடனே 108, அது பக்கவாதமா இருக்கலாம்.

குடியாத்தம் சின்னவன்:
அதெல்லாம் இல்லண்ணா. வாட்ச் வெச்சி பாத்தேன், 20, 25 செகண்டு. காது சூப்பர், ரெண்டு வீடு தள்ளி பேசறது கேக்குது 😄

காட்பாடி பிசியோ:
அப்போ காதுக்குள்ள கல்லு நகர்ந்திருக்கும்னு தோணுது, பிபிபிவின்னு பேரு. 50 தாண்டின பொம்பளைங்களுக்கு சகஜம். உள்காதுல கேக்கறதுக்கு இருக்கிற நத்தைக்கூட்டுக்குப் பக்கத்துலயே மூணு அரைவட்டக் குழா, மூணும் மூணு திசைக்கு, உள்ள தண்ணி மாதிரி திரவம். தலைய திருப்பினா அந்தத் தண்ணி அசையறத வெச்சிதான் மூளை கண்ணையும் உடம்பையும் நேரா வெச்சிருக்கு. குழா சேர்ற எடத்துல சின்ன பை, அதுல பிசின் மாதிரி படலத்து மேல கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துகள் ஒட்டியிருக்கும், மேல எது கீழ எதுன்னு உணர. வயசானா, இல்ல தலைல அடி பட்டா, சிலது பேந்து குழாக்குள்ள வுழுந்துடும். பாலாத்து மணல சொம்புத் தண்ணில போட்டு சாய்ச்சி பாருங்க, சொம்பு நின்னாலும் மணல் சரிஞ்சிக்கினே இருக்கும்ல, அதே கததான். தலை நின்னுடுச்சி, ஆனா கல்லு தண்ணிய தள்ளிக்கினு போவுது, இன்னும் சுத்துறோம்னு மூளை நெனச்சிக்குது. கல்லு அடில போய் உக்காந்ததும் அடங்கிடும். அதான் ஒரு நிமிஷம்கூட தாண்டல. மாத்திரை வாந்திய அடக்கும், கல்ல நகர்த்தாது.

58 வயசுல எக்ஸ்ரே எடுத்தா முக்காவாசி பேருக்கு கழுத்து தேய்மானம் தெரியும், அதுக்காக பழிய அது மேல போட்டா எப்டி. படுத்தா சுத்துதுன்றத ராபர்ட் பாராணி 1921லயே எழுதிட்டாரு, காது பேலன்ஸ் ஆராய்ச்சிக்கு 1914 நோபல் வாங்கினவரு.

வாலாஜா ரிட்டயர்டு:
எனக்கும் சுத்தல்தான், ஆனா வேற ரகம். மொதல்ல இடது காது அடைச்சிக்கும், குய்ய்ங்னு சத்தம், அப்புறம் ரெண்டு மணி நேரம் மூணு மணி நேரம் ஆட்டி வெச்சிடும், வரவர அந்தக் காது மந்தம். மெனியர்னு சொன்னாங்க, காதுத் தண்ணி அதிகமாயிடுதாம். உப்ப கொறச்சிட்டேன், ஊறுகா அப்பளம் கட்.

குடியாத்தம் சின்னவன்:
பிசியோ அண்ணா, யூட்யூப்ல எப்லின்னு ஒரு பயிற்சி காட்றான், வீட்லயே பண்ணலாமா?

காட்பாடி பிசியோ:
அதான் வைத்தியமே. ஆனா மொத தடவ ஈஎன்டி டாக்டர்கிட்ட போங்க. தலைய மேஜைக்கு வெளிய தொங்க வுட்டு கண்ணு எப்டி ஆடுதுன்னு பாத்துதான் எந்தக் காது, எந்தக் குழான்னு சொல்லுவாங்க, பக்கம் மாத்தி பண்ணா வேஸ்ட். கழுத்து தேய்மானம் சொல்லியிருக்காங்கள்ல, அதையும் மறக்காம சொல்லிடுங்க.

குடியாத்தம் சின்னவன்:
அப்டேட். போனோம். வலது பக்கம் தலைய தொங்க வுட்டதும் ரெண்டு மூணு செகண்டு ஒண்ணுமில்ல, திடீர்னு கருவிழி துடிச்சி துடிச்சி சுழலுது, அம்மா என் மணிக்கட்ட புடிச்ச புடில நகத் தடம் இன்னும் கீது. அடங்கினதும் தலைய இடது பக்கம், அப்டியே உடம்போட உருட்டி மூக்கு தரைய பாக்கற மாதிரி, அப்புறம் உக்கார வெச்சாங்க. அஞ்சு நிமிஷம்கூட ஆகல. திரும்ப படுக்க வெச்சா கண்ணு ஆடவே இல்ல! ரெண்டு நாள் மெதக்கற மாதிரி இருந்துச்சாம், இப்ப அதுவும் இல்ல. மறுபடி வரலாம்னு சொல்லியிருக்காங்க, வைட்டமின் டி டெஸ்டும் எழுதிக் குடுத்தாங்க. நேத்து நான் வர்றதுக்குள்ள ஸ்டூல் போட்டு அண்டாவ எறக்கிட்டாங்க, செம திட்டு வுட்டேன்.

கழுத்துப் பட்டை ஒண்ணு புதுசாவே கீது, யாருக்காச்சும் வேணுமா?