சுரப்பி குலைவதில்லையே: 'ஹார்மோன் குழப்பி' என்னும் சொல்லுக்காக

ஐயா, வணக்கம்.

வெளியிலிருந்து உடலுக்குள் வந்து ஹார்மோன்களின் வேலையைக் கெடுக்கும் பொருளுக்கு (ஆங்கிலத்தில் endocrine disruptor) 'நாளமில்லாச் சுரப்பிச் சீர்குலைப்பான்' என்று நீங்கள் முன்வைத்த சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். மூச்சு வாங்குகிறது. நீளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பொருள் பிழைபடுவதுதான் உறுத்துகிறது.

வின்குளோசோலின் என்ற பூஞ்சைக்கொல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். சினை எலிக்கு அதைக் கொடுத்தால், பிறக்கும் ஆண் குட்டிகளில் குதத்துக்கும் பிறப்புறுப்புக்கும் உள்ள இடைவெளி பெண் குட்டியின் அளவுக்குக் குறுகிவிடுகிறது. ஆணில் மறைந்துபோக வேண்டிய முலைக்காம்புகளும் தங்கிவிடுகின்றன. இதில் சுரப்பியின் குற்றம் என்ன? குட்டியின் விந்தகம் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைச் சுரந்துகொண்டுதான் இருக்கிறது. மருந்து உடலில் சிதைந்து உண்டாகும் பொருள்கள் முந்திக்கொண்டு, ஆண் ஹார்மோன் வந்து அமரவேண்டிய ஆண்ட்ரோஜன் ஏற்பிகளில் அமர்ந்துவிடுகின்றன. ஹார்மோன் வந்து பார்த்தால் இடமில்லை. டி.டி.டி. பூச்சிக்கொல்லி சிதைந்து உண்டாகும் டி.டி.இ.யும் இதே வேலையைச் செய்வது 1995இல் தெரியவந்தது. ஆக, கெடுவது சுரப்பியன்று, அது அனுப்பும் செய்தி.

அதனால்தான் 'ஹார்மோன் குழப்பி' என்கிறேன். கடத்தி, ஏற்பி, மின்மாற்றி என்ற வரிசையில் இயல்பாகப் போய் உட்காரும். ஹார்மோனுக்கு 'இயக்குநீர்' நல்ல சொல்தான், ஆனால் பாடநூலில் ஹார்மோன் வேரூன்றிவிட்டது. 'குலைப்பி' என்றால் எனக்கு நாய் குலைப்பதுதான் நினைவுக்கு வருகிறது! 'தடுப்பி'யும் போதாது: மெத்தாக்சிகுளோர் என்ற பூச்சிக்கொல்லி தடுப்பதோடு நிற்பதில்லை, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் போல நடிக்கவும் செய்கிறது.

இன்னொரு நண்பர் சொன்ன 'மலடாக்கி'யை இங்கே கொண்டுவர வேண்டாம். முலைக்காம்பு தங்கிய எலி மலடாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மலட்டுத்தன்மையை நேரடியாக உண்டாக்கும் மருந்துகள் வேறு. டி.பி.சி.பி. என்ற நூற்புழுக்கொல்லி எலிகளின் விந்தகத்தைச் சுருங்க வைப்பது 1961லேயே அச்சில் வந்துவிட்டது. 1977இல் கலிஃபோர்னியாவில் அதைத் தயாரித்த தொழிலாளர்களிடம் விந்தணுவே இல்லாத நிலை கண்டறியப்பட்ட பிறகுதான் உலகம் விழித்தது. (எலி சொன்னதைக் கேட்கப் பதினாறு ஆண்டுகள்.) டி.பி.சி.பி. விந்தணுவாக வளரவேண்டிய உயிரணுக்களையே அழிக்கிறது. அதற்கு 'விந்தக நஞ்சு' என்று தனிப்பெயர் இருக்கட்டும்.

ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. பொருளுக்குப் பெயர் 'குழப்பி' என்றால், நிகழ்வுக்கு என்ன பெயர்? 'ஹார்மோன் குழப்பம்' என்றால் ஏதோ நோயின் பெயர் போல ஒலிக்கிறது. வெளியிலிருந்து வந்த பொருள் செய்தது என்பது அதில் தெரியவில்லை. 'ஹார்மோன் குழப்பல்' என்று எழுதிப் பார்த்தேன், காதுக்கு ஒட்டவில்லை. தங்களுக்கு வேறு ஏதேனும் தோன்றுகிறதா?