மறு: ரோபோட்டிக் டோட்டல் ஸ்டேஷன்: ‘குறிதொடர் அளவி’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நிலம் அளக்கும் ‘ரோபோட்டிக் டோட்டல் ஸ்டேஷன்’ கருவிக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற இந்த இழையில் இதுவரை வந்த சொற்கள்: ரோபோ முழுநிலையம், தானியங்கி முழுநிலையம், எந்திர அளவி, ஒற்றையாள் அளவி. பெருந்துறைப் பக்கம் லேஅவுட் அளக்கிற நண்பர் சொல்லோடு நிற்கவில்லை, எதை வாங்கலாம் என்றும் கேட்டிருக்கிறார். இரண்டையும் சேர்த்தே பேசுவது நல்லது. கடையில் ‘ரோபோட்டிக்’ என்று ஒரே பெயரில் சொல்லப்படுவது உண்மையில் மூன்று நான்கு தரங்களில் உள்ள வெவ்வேறு கருவிகள். விலை வித்தியாசம் லட்சக்கணக்கில் போகிறது.

முதலில் ‘நிலையம்’. சர்வேயில் கருவியை நிறுத்தும் புள்ளிக்குத்தான் ஸ்டேஷன் என்று பெயர். 1802இல் பரங்கிமலைப் பக்கத்தில் ஆங்கிலேய சர்வே அதிகாரி லாம்டன் அடிக்கோடு (மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான முதல் கோடு) அளந்த காலத்திலிருந்து அது அப்படித்தான். முழுநிலையம் என்று வைத்தால் நாளைக்கு ஒருவர் கையேட்டில் ‘முழுநிலையத்தை இரண்டாம் நிலையத்தில் நிறுத்தவும்’ என்று எழுதுவார். படிக்கிறவர் பாவம். கோணம், தூரம் இரண்டையும் ஒரே கருவி அளந்து, ஆயத்தொலைவும் கணக்கிட்டு, பதிந்தும் வைத்துக்கொள்வதால் அது ‘டோட்டல்’. அந்தப் பொருளுக்கு ‘கோணத்தொலைமானி’ கச்சிதம்தான். ஆனால் கோணமானி என்றதும் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் அரைவட்டத் தகடுதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அதனால் ‘முழு அளவி’ போதும் என்பது என் கட்சி. புணர்ச்சிப்படி ‘முழுவளவி’ என்றுதான் எழுத வேண்டும் என்று யாராவது வருவீர்கள். இலக்கணம் உங்கள் பக்கம், ஆனால் வாயில் நுழைய வேண்டுமே. பிரித்தே எழுதுவோம்.

அடுத்தது ‘தானியங்கி’. இந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கிறது. கட்டட வேலையில் கொத்தனார் முதல் மேஸ்திரி வரை எல்லோர் வாயிலும் புழங்கும் ‘ஆட்டோ லெவல்’ கருவியைத் தமிழில் எழுதினால் தானியங்கி மட்டக்கருவி என்றுதான் வரும். அதில் மோட்டாரே கிடையாது. பார்வைக் கோட்டை உள்ளே இருக்கும் ஊசல் தானாகக் கிடைமட்டமாக்கிக்கொள்வதால் வந்த பெயர். ஆகவே தானியங்கி என்று சொன்னாலே மோட்டார் என்று ஆகாது.

சரி, ரோபோட்டிக் கருவி கூடுதலாக என்ன செய்கிறது? மோட்டார் வைத்துத் தானே திரும்புகிறது. கடைக்காரர்கள் ‘சர்வோ’ என்பது இதைத்தான். அளக்க வேண்டிய புள்ளியில் கம்பத்தின் மேல் வைத்துப் பிடிக்கும், ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிதான் பிரிசம். அது தோராயமாகப் பார்வைக்குள் வந்தால் அதன் நடுமையத்தைத் தானே குறிபார்த்துக்கொள்கிறது. பிரிசம் நடந்தால் பிடி விடாமல் கூடவே திரும்புகிறது. கடைசியாக, கம்பத்தோடு நிற்பவர் கையில் இருக்கும் கன்ட்ரோலரிலிருந்தே எல்லாவற்றையும் இயக்க முடிகிறது. 1990இல் ஸ்வீடனின் ஜியோட்ரானிக்ஸ் கொண்டுவந்த ஜியோடிமீட்டர் சிஸ்டம் 4000 இந்த வகையின் முன்னோடி. இன்றைக்கு எந்தக் கம்பெனியின் பட்டியலைப் பார்த்தாலும் இவற்றில் சிலது மட்டும் உள்ள மாடலும் உண்டு, எல்லாம் உள்ளதும் உண்டு. விலை கேட்குமுன் ‘பிரிசம் நடந்தால் பின்னாலேயே வருமா, கம்பத்திலிருந்து இயக்கலாமா’ என்று கேளுங்கள். அங்கேயே பாதிப் பட்டியல் கழிந்துவிடும்.

இங்கேதான் ‘ஒற்றையாள்’ என்ற சொல்லோடு எனக்குத் தகராறு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆள் கிடைக்காத ஊரில் எல்லோரும் இதை வாங்க நினைப்பதே அதற்காகத்தான். ஆனால் நம் காட்டில் தனியாளாக அளந்து பாருங்கள். ஸ்டாண்டு இட்டேரி (இரண்டு வேலிகளுக்கு இடையே போகும் பாதை) நடுவில் நிற்கும், டிராக்டர் வரும், ஆட்டுக்காரர் ‘இதென்னுங்க படம் புடிக்கிறீங்களா’ என்று பக்கத்தில் வந்து முட்டுவார். கிளுவை வேலிக்குள் புதைந்த எல்லைக்கல்லைத் தேடிக் கவைக்கோலால் முள்ளை ஒதுக்கவும் ஒரு ஆள் வேண்டும். இரண்டாவது ஆள் போகமாட்டார். கருவிக்குக் காவலாக மாறிவிடுவார், அவ்வளவுதான். ஒற்றையாள் அளவி என்பது விற்பனையாளர் கொடுக்கும் வாக்குறுதி. கலைச்சொல்லில் அது வேண்டாம்.

என் பரிந்துரை ‘குறி’யை வைத்துக் கட்டுவது. மோட்டார் மட்டும் உள்ளது சுழல் அளவி, தானே மையம் பிடிப்பது குறிபார் அளவி, விடாமல் பின்தொடர்வது குறிதொடர் அளவி. வினைத்தொகை என்பதால் முக்காலத்துக்கும் பொருந்தும். குறி சொல்லும் ஆட்கள் ஞாபகம் வருகிறது என்று கோவை நண்பர் கேலி செய்திருந்தார். வரட்டுமே, ‘குறிபார்த்துச் சுடு’ என்பதும் அதே குறிதான். பிரிசம் மறைந்து தொடர்பு அறுவதைக் களத்தில் ‘லாக் உட்டுப்போச்சு’ என்கிறார்கள். அதைப் ‘பிடி விட்டது’ என்று எழுதினால் அப்படியே புரியும்.

இனி வாங்குகிற விஷயம். பெருந்துறை நண்பர் 1 விநாடிக் கருவி வேண்டுமா என்று கேட்டிருந்தார். இது நேரத்தின் விநாடி அல்ல, கோணத்தின் விநாடி: ஒரு டிகிரியில் 60 கலை, ஒரு கலையில் 60 விநாடி. 200 மீட்டரில் 5 விநாடிக் கோணப்பிழை 5 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, 1 விநாடி என்றால் 1 மில்லிமீட்டர். ஆனால் 2 மீட்டர் கம்பம் 8 கலை மட்டும் சாய்ந்திருந்தாலே பிரிசம் 4.7 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். கம்பத்தில் இருக்கும் வட்டக் குமிழிகள் பல அந்த அளவு நுட்பம் கொண்டவைதான். குமிழியைச் சரிபார்க்காமல் 1 விநாடிக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண். மனை பிரிக்க 5 விநாடி தாராளம். மில்லில் இயந்திர அடித்தளம் அமைக்கிறவர் 1 விநாடிக்குப் போகட்டும்.

அதைவிடப் பெரிய பள்ளம் பிரிசம் மாறிலி, அதாவது பிரிசத்தின் அமைப்புக்கு ஏற்ப அளந்த தூரத்தில் செய்ய வேண்டிய திருத்தம். லெய்க்கா தன் வட்டப் பிரிசத்தைச் சுழியம் என்று வைத்துக்கொள்கிறது. அதே பிரிசம் மற்றவர்கள் கணக்கில் கழித்தல் 34.4 மில்லிமீட்டர். ஒரு கம்பெனிக் கருவியோடு இன்னொரு கம்பெனிப் பிரிசத்தைச் சேர்த்து, மாறிலியை மாற்றாமல் விட்டால் ஒவ்வொரு தூரத்திலும் கிட்டத்தட்ட மூன்றரை சென்டிமீட்டர் வரை தப்பு உட்காரும். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது.

இடமும் முக்கியம். காங்கேயம் கொறங்காடு (மேய்ச்சல் நிலம்) மாதிரி வானம் திறந்த இடத்துக்கு, செயற்கைக்கோள் சமிக்ஞையை வைத்து இடம் காட்டும் டி.ஜி.பி.எஸ். ரோவரே போதும், குறிதொடர் அளவிக்குச் செலவழிக்க வேண்டாம். பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்பில் செயற்கைக்கோள் சமிக்ஞை மட்டையில் அடிபட்டுச் சிதறும். அங்கேதான் இது கைகொடுக்கும். ஆனால் ஒவ்வொரு மரமும் ஒரு நொடி பிடியை மறைக்கும். நல்ல கருவி பிரிசம் போன திசையையும் வேகத்தையும் வைத்து ஊகித்து மறுபக்கத்தில் பிடித்துக்கொள்ளும், மட்டமானது வானத்தைத் துழாவும். செயல்விளக்கத்தை ஷோரூம் வாசலில் பார்க்காதீர்கள், தோப்புக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள். சாலையோரம் என்றால் லாரி ரிஃப்ளெக்டர், ஒளிரும் பட்டை போட்ட ஜாக்கெட், பக்கத்துக் குழுவின் பிரிசம் இவற்றைப் பார்த்துக் கருவி ஏமாறுகிறதா என்று சோதியுங்கள். தன் அடையாளத்தைத் தானே ஒளியால் அனுப்பும் பிரிசம் இதற்காகவே இருக்கிறது.

பிரிசத்தைப் ‘பட்டகம்’ என்று மாற்றலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். பாடநூலில் இருப்பதால் எழுத்தில் மாற்றலாம், பேச்சில் பிரிசம் போகாது. அப்படி மாற்றினால், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒளியைத் திருப்பும் 360 டிகிரி பிரிசத்துக்குச் ‘சுற்றுப்பட்டகம்’ என்று வைக்கலாம் என்று தோன்றுகிறது. ஒளி அனுப்பும் பிரிசத்துக்குத்தான் எனக்கு ஒன்றும் சிக்கவில்லை. ‘ஒளிர்பட்டகம்’ என்றால் எல்லாப் பட்டகமும் ஒளிர்கிறதே என்பார்கள். யாருக்காவது எட்டினால் எழுதுங்கள்.