கடலை, தக்காளி, முட்டை: தாச்சியில் வெள்ளைக்கரு இறுகுதில்லை, மஞ்சள் கல்லாகுது

கேள்வி: 10 அங்குலத் தாச்சி. இரவு ஊறவைத்த 1 கப் கடலையும் (கொண்டைக்கடலை) 3 தக்காளியும் ஒன்றாகக் குக்கரில் 5 விசில். பிறகு தாளித்துக் கொட்டி 4 முட்டை உடைச்சு விட்டு மூடுறன். கடலை நடுவில் நறுக்கென்று கிடக்குது. வெள்ளைக்கரு நூல்நூலாகக் கலையுது. அது வேகுமட்டும் விட்டால் மஞ்சள் கல். எங்கே பிழை? காலையில் 20 நிமிஷம்தான் இருக்கு. (முட்டை சைவமோ என்ற சண்டை இங்கே வேண்டாம்.)

குசினிக்காரி: முதல் பிழை தக்காளி. புளிப்புத் தண்ணியில் கடலையின் பெக்டின் (அதை இறுக்கிப் பிடிச்சு வைக்கிற பசை) லேசில் இளகாது. கடலையைத் தனியாக, முதல்நாள் இரவே அவிச்சு வையுங்கோ. ஊறுறது 8 மணித்தியாலம் போதும். கொழும்பு வெக்கைக்கு வெளியில் கூட நேரம் வைத்தால் நுரைச்சு மணக்கும், அதனால் பிரிட்ஜுக்குள் வையுங்கோ. ஊறின தண்ணியை ஊற்றிவிட்டு, புதுத்தண்ணி இரண்டு விரற்கடை மேலே நிற்க விட்டு, அரைத் தேக்கரண்டி உப்போடு 5 விசில். ஆவி தானாக அடங்கட்டும். உப்பால் கடலை இறுகும் என்பது வெறும் பேச்சு. பழைய கடலை என்றால் ஊறும்போது ஒரு சிட்டிகை அப்பச்சோடா. இரண்டு விரலால் நசித்தால் மாவாக வேணும்.

காலையில் 2 மேசைக்கரண்டி எண்ணெயில் கடுகு, பெரிய வெங்காயம் 1, உள்ளி 4 பல்லு, பச்சை மிளகாய் 2, கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை இலை. வெங்காயம் வதங்கினதும் மிளகாய்த்தூள் 1 தேக்கரண்டி, சீரகத்தூள் அரை. தூள் கருக முதல் தக்காளியைப் போடுங்கோ. ஓரத்தில் எண்ணெய் பிரியுமட்டும் 8 நிமிஷம். பிறகு அவிச்ச கடலை ஒன்றரைக் கப், அதில் ஒரு கைப்பிடியை மசிச்சு விடுங்கோ, குழம்பு தடிக்கும். அகப்பையால் கோடு இழுத்தால் 2 செக்கன் தாச்சியின் அடி தெரிய வேணும். கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் தண்ணி கூட. உங்கட வெள்ளைக்கரு கலைஞ்சது அந்தத் தண்ணியில்தான்.

கொட்டாஞ்சேனை: மேலே சொன்னது சரி, முட்டைப் பக்கத்தை நான் சொல்றேன். வெள்ளைக்கரு முழுசா இறுக ஏறக்குறைய 80 பாகை செல்சியஸ் வேணும், மஞ்சள் 65 தொடக்கம் 70க்குள்ள இறுகிடும். அதனால வெள்ளைக்குத்தான் முதல்ல சூடு போகணும். முட்டையை ஒவ்வொண்ணா கோப்பையில உடைச்சு, கரண்டியால பள்ளம் பண்ணி விடுங்க. பிறகு வெள்ளையை மட்டும் மெதுவா குழம்புக்குள்ள இழுத்து விடுங்க, மஞ்சளைத் தொடாதீங்க. பழைய முட்டையில வெள்ளை தண்ணியா ஓடும். வடியில ஒரு தடவை வடிச்சு எடுத்தா கந்தல் வராது.

அடுப்பைச் சிம்ல வச்சு, மூடியைத் துணியால சுத்தி மூடுங்க, ஆவித்தண்ணி சொட்டாது. 5 நிமிஷத்துல பாருங்க. வெள்ளை லேசா ஆடும்போதே இறக்கிடுங்க, மிச்சத்தைத் தாச்சிச் சூடே பாத்துக்கும். கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகளுக்கு மஞ்சளும் இறுக வேக விடுங்க.

பழக்காத இரும்புத் தாச்சியில தக்காளி வச்சா இரும்பு ருசி வரும், கறுக்கும். நொன்-ஸ்டிக் நல்லது.

கேள்வி கேட்டவர்: கடலை அவிக்க மறந்த நாளில் ரின் (தகர டப்பா) கடலை சரிவருமோ? தேங்காய்ப்பால்?

குசினிக்காரி: 400 கிராம் ரின்னில் தண்ணி வடிச்சால் ஏறக்குறைய 240 கிராம் வரும், அளவு சரி. கழுவிப்போட்டு உப்பைக் குறையுங்கோ. மைசூர்ப் பருப்பும் சரி: அரைக் கப்பை ஒன்றரைக் கப் தண்ணியில் 12 நிமிஷம் தனியாக அவிச்சு, தக்காளி பிறகு. அது அடிப்பிடிக்கும், முட்டை விட முதல் கால் கப் சுடுதண்ணி சேர்த்துக் கிண்டுங்கோ. தேங்காய்ப்பால் விடுறதென்றால் முதல்பால் கால் கப், முட்டைக்கு முதல், கொதிக்க விடாமல். தேசிக்காய் இறக்கின பிறகுதான், இல்லாட்டில் பால் திரையும்.

கொட்டாஞ்சேனை: முட்டை இல்லாத குழம்பு பிரிட்ஜ்ல 3 நாள் இருக்கும். ஒரே தரமா செஞ்சு வச்சா, காலையில சூடாக்கி முட்டை விட 10 நிமிஷம்தான். கூடச் சாப்பிட றோஸ் பாண் (ரொட்டி) சூடா இருக்கட்டும்.