ஹீமோலிசிஸ்: குழாயிலா, உடம்பிலா?
அப்பாவின் ரத்த ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 6.1 (நார்மலை விட அதிகம்), கீழே ‘சாம்பிள் ஹீமோலைஸ்டு’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி. சிவப்பணுக்கள் உடைவது என்பது வரை புரிகிறது. ஆனால் மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தாலோ குழாயைக் குலுக்கினாலோ வெளியிலேயே உடைந்து, அணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் சீரத்தில் (ரத்தத்தின் நீர்ப்பகுதியில்) கலந்து அளவைக் கூட்டிக் காட்டுமாம், மலேரியா, ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு என்சைம்) குறைபாடு போன்றவற்றில் உடம்புக்குள்ளேயே உடைவதற்கும் ஹீமோலிசிஸ் என்றுதான் பெயராம். எங்களுக்கு இதில் எது?

நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் குத்தினார்கள், அதனால் முதல் வகை என்றுதான் படுகிறது. ஹீமோகுளோபின், பிலிருபின் (சிவப்பணுக்கள் சிதைவதால் உண்டாகும் மஞ்சள் நிறமி) இரண்டும் நார்மல். சாயங்காலமே மறுபடி ரத்தம் எடுக்கிறோம், டாக்டர் ஈசிஜியும் சொல்லியிருக்கிறார். லேபில் வேலை பார்ப்பவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் சொல்லுங்களேன், பொட்டாசியம் மட்டும் பார்த்தால் போதுமா, இல்லை ஹாப்டோகுளோபினும் (உடம்புக்குள் சிவப்பணுக்கள் உடைந்தால் குறையும் ரத்தப் புரதம்) சேர்த்துக் கேட்கணுமா?