வீட்டுக் கொம்பியூட்டரில் பின் நம்பர் கேட்பதை எப்படி நிறுத்துவது? அப்பா இரண்டு நாளாக உள்ளே போக முடியாமல் இருக்கிறார்

கல்லடிக்கரை:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்து வாசியுங்கள். "இதை எப்படி எடுக்கிறது" என்று மட்டும் கேட்டால் "எடுக்காதீங்க, பாதுகாப்புக்குத்தான்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள், அந்தப் பதிலை ஏற்கெனவே மூன்று பேரிடம் வாங்கிவிட்டேன்.

எங்கள் வீட்டு ஹோலில் ஒரு மேசைக் கொம்பியூட்டர் இருக்கிறது. போன வருடம் அண்ணன் கட்டாரிலிருந்து லீவில் வந்தபோது வாங்கித் தந்தது. விண்டோஸ் 11 ஹோம். கடையில் நின்ற தம்பிதான் எல்லாம் போட்டுத் தந்தார். ஈமெயில் கணக்கு ஒன்று கட்டாயம் வேண்டும் என்று கேட்டதும் அண்ணன் தன்னுடைய ஈமெயிலையும் கட்டார் நம்பரையும் கொடுத்தார், நாலு இலக்கத்தில் ஒரு பின்னும் போட்டாயிற்று. அன்றைக்கு அது யாருக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை.

அதை அதிகம் பாவிப்பது அப்பா. வயது 74, ஓய்வுபெற்ற ஆசிரியர், இரண்டு கண்ணிலும் வெள்ளை எடுத்தது, வலது கை நடுங்கும். எங்கள் அம்மன் கோயிலில் வைகாசிக் குளுத்திச் சடங்குக்குப் படிக்கிற பாட்டுகளைப் பழைய கொப்பிகளைப் பார்த்து அடித்துக்கொண்டிருக்கிறார், சடங்குக்கு முன்னர் சின்னப் புத்தகமாக அச்சடிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஒரே விரலால்தான் அடிப்பார். ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது போகும்.

வியாழக்கிழமை கறண்ட் நாலு தரம் போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு தரமும் போட்டவுடன் பின் கேட்கும். அவருடைய விரல் ஒரு எண்ணை அமத்தினால் சில நேரம் அது இரண்டு தரம் விழும், திரையில் வெறும் புள்ளிதானே தெரியும், எது பிழைத்தது என்று அவருக்கு விளங்காது. நாலைந்து தரம் பிழைத்த பிறகு, திரும்ப முயற்சி செய்வதற்கு முன்னர் ஏ1பி2சி3 என்று அடிக்கச் சொல்லி வந்திருக்கிறது. அதுதான் புதுப் பின் என்று நினைத்து அப்பா கொப்பியின் பின்மட்டையில் வடிவாக எழுதி வைத்துவிட்டு, திரும்பத் திரும்ப அதையே அடித்திருக்கிறார். நான் வேலை முடிந்து வந்து பார்க்கும்போது இரண்டு மணித்தியாலம் நிறுத்தாமல் வைத்திருந்து பிறகு முயற்சி செய்யுங்கள் என்று நிற்கிறது. அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் திரும்பவும் கறண்ட் போயிற்று!

சரி, பின்னை மறந்துவிட்டேன் என்று கொடுத்து மாற்றப் பார்த்தால் குறியீடு அண்ணனின் போனுக்குப் போகிறது. அண்ணன் வேலை செய்கிற இடத்தில் போனை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அங்கே நேரம் எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். அவர் வெளியே வந்து குறியீட்டைப் பார்த்து அனுப்பும்போது இங்கே இரவு பத்து மணி, அதற்குள் அது காலாவதியாகிவிடும். இப்படியே இரண்டு நாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, கதிரையை மேசைக்குள் தள்ளிவிட்டுக் கொப்பியைத் துணியில் சுற்றி வைத்துவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

எங்கள் வீட்டு முன்கதவு பகல் முழுக்கத் திறந்துதான் கிடக்கும். பக்கத்து வீட்டுப் பெத்தா நேரே குசினிக்குள்ளேயே வருவார். நகை இருக்கிற அலுமாரிக்கு மட்டும்தான் பூட்டு, அதைப் பூட்டச் சொல்லி எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. காசு கொடுத்து வாங்கிய சாமானில் எதற்குப் பூட்டு, எதற்கு வேண்டாம் என்று வீட்டுக்காரர்தானே சொல்ல வேண்டும்? இந்தப் பின்னை முழுசாக எடுத்துவிட வழி இருந்தால் சொல்லுங்கள். அப்பாவின் பாட்டுகள் அழியக் கூடாது, அதுதான் முக்கியம்.

கல்முனை திருத்தகம்:

அக்கா, முதலில் ஒன்று, பாட்டுகள் அழியாது. பின் பிழைத்தால் ஃபைல் எதுவும் அழிவதில்லை, பயப்பட வேண்டாம். யாராவது "விண்டோஸ் புதுசாக அடித்துத் தாறேன்" என்று சொன்னால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அதில்தான் போகும்.

அந்த இரண்டு மணித்தியாலம் ஏன் என்றால், விண்டோஸ் 11 போடுகிற இயந்திரங்களில் டிபிஎம் என்று ஒரு பாதுகாப்புச் சில்லு இருக்கும், பின் சரியா பிழையா என்று பார்ப்பது அதுதான். பிழையான முயற்சி கூடினால் அது கதவைச் சாத்திவிடும். இதில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு என்ன கரைச்சல் என்றால், ஒழுங்காக நிறுத்தாமல் திடீர் திடீரென்று நின்று நின்று வந்தாலும் அந்தச் சில்லு சந்தேகப்படும், அந்தச் செய்தியிலேயே "அடிக்கடி நிறுத்தப்பட்டதால்" என்றும் ஒரு வார்த்தை இருக்கும், கவனித்துப் பாருங்கள். கறண்ட் வெட்டுக்கு அப்பா மேல் பழி. கறண்ட் போனாலும் கொஞ்ச நேரம் பெட்டியை ஓட வைக்கிற சின்ன யுபிஎஸ் ஒன்று இருந்தால் இந்தப் பிரச்சினை பாதி குறையும். மாரி காலத்தில் என்னிடம் வருகிற பெட்டிகளில் இது நிறைய.

இப்போது செய்ய வேண்டியது. இன்றைக்கு இரவு கறண்ட் நிலையாக இருக்கும்போது போட்டு, இரண்டரை மணித்தியாலம் தொடாமல் விடுங்கள். பிறகு அப்பாவை விட்டு அடிக்காமல் நீங்களே பின்னை அடியுங்கள். உள்ளே போனதும் பின்னை எடுக்க ஓடாதீர்கள், முதலில் அண்ணன் லீவாக இருக்கிற வெள்ளிக்கிழமை அவரைக் கோலில் வைத்துக்கொண்டு, அந்தக் கணக்கின் பாதுகாப்பு விபரங்களில் உங்களுடைய நம்பரையும் ஈமெயிலையும் சேருங்கள். சேர்ப்பது மட்டும்தான், அண்ணனுடையதை அழிக்க வேண்டாம். பழைய விபரம் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் 30 நாள் காத்திருக்கச் சொல்லும், அந்த 30 நாளில் வைகாசி வந்துவிடும்.

அடுத்தது, அதே கணக்கில் 48 இலக்க மீட்புத் திறப்பு ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். புது இயந்திரங்களில், முக்கியமாக 2024இல் வந்த 24எச்2 பதிப்புக்குப் பிறகு, ஈமெயில் கணக்குப் போட்டவுடனேயே ஹார்ட் டிஸ்க் முழுவதையும் திறப்பு இல்லாமல் வாசிக்க முடியாதபடி மறைகுறியாக்கிவிடுகிறது, வீட்டுக்காரருக்கே தெரியாமல். ஒருநாள் பெட்டிக்குள் இருக்கிற மதர்போர்ட் பலகையை மாற்றினாலோ பயோஸ் குழம்பினாலோ அந்த 48 இலக்கத்தைக் கேட்கும், இல்லாவிட்டால் நானும் ஒன்றும் செய்ய முடியாது, வேறு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் கலியாணப் படம் முழுக்க உள்ளே இருக்க, திறப்பு இல்லாமல் ஹார்ட் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன், அந்த முகத்தைப் பார்க்க ஏலாது.

இவ்வளவும் முடிந்த பிறகு செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், யுவர் இன்ஃபோ என்று போனால் லோக்கல் அக்கவுண்டுக்கு, அதாவது ஈமெயில் இல்லாமல் அந்தப் பெட்டிக்கு மட்டும் உரிய கணக்குக்கு, மாறுகிற வழி இருக்கும். பாஸ்வேர்ட் கேட்கிற இடத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். பிறகு சைன்-இன் ஒப்ஷன்ஸில் பின் இருந்தால் ரிமூவ் கொடுங்கள். மாற்றுவதற்கு முன்னர் பாட்டு ஃபைல்களை ஒரு பென்டிரைவிலும் போடுங்கள், ஏனென்றால் சிலருக்கு டொகுமென்ட்ஸ் ஃபோல்டரே மைக்ரோசொப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவுக்குள் போயிருக்கும், மேகப் படம் மட்டும் போட்டிருந்தால் ஃபைல் உங்கள் பெட்டியில் இல்லை என்று அர்த்தம்.

திருக்கோவில் ரீச்சர்:

மேலே தம்பி சொன்ன வழி சரி. ஆனால் முழுசாகத் திறந்து போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை, ஒரு வரியில் முடிக்காமல் காரணத்தோடு சொல்கிறேன்.

தங்கச்சி, அந்தக் கொம்பியூட்டரில் நீங்களும் வேலை செய்கிறீர்கள்தானே? பிரவுசரில் பாங்க் பாஸ்வேர்ட், ஈமெயில் பாஸ்வேர்ட் சேமித்திருப்பீர்கள். அவற்றைத் திறந்து காட்டுவதற்கு முன்னர் பிரவுசர் கேட்பது விண்டோஸின் பாஸ்வேர்ட்டை அல்லது பின்னைத்தான். அது இல்லையென்றால் யார் கதிரையில் இருந்தாலும் எல்லாம் தெரியும். அதைவிட எனக்குப் பயம் படங்கள். பெட்டி பழுதென்று எங்கேயாவது கொடுக்கிறோம், அல்லது வீட்டுக்கு வருகிற பொடியன்கள் கேம் விளையாட இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளையின் படம் அப்படி வெளியே போய், அவள் ஏஎல் சோதனைக்கே போகவில்லை. அந்த வீட்டிலும் முன்கதவு திறந்துதான் கிடந்தது. பெத்தா குசினிக்குள் வரலாம், அவருக்கு உங்கள் அலுமாரித் திறப்பு வேண்டாமே.

அதனால் இரண்டு கணக்காகப் பிரியுங்கள். இப்போது இருக்கிற கணக்கு உங்களுக்கு, பின்னோடு இருக்கட்டும். அப்பாவுக்கு அக்கவுண்ட்ஸில் அதர் யூசர்ஸ் என்ற இடத்தில் புதிதாக ஒன்று, மைக்ரோசொப்ட் கணக்கு (அந்த ஈமெயில் கணக்கு) இல்லாமல். அது கொஞ்சம் ஒளித்துத்தான் வைத்திருக்கிறது, முதலில் "இவருடைய விபரம் என்னிடம் இல்லை" என்பதை அமத்தினால்தான் அடுத்த பக்கத்தில் அந்த வழி வரும். பாஸ்வேர்ட் போட வேண்டாம். அவர் தன்னுடைய பெயரை அமத்தினால் உள்ளே போய்விடலாம்.

விரல் ரேகை வைக்கிற சாமான் வாங்கச் சொல்லி யாராவது சொல்வார்கள். அப்பாவின் வயதில் அது சரிவராமலும் போகலாம். என்னுடைய மாமா வயல் செய்தவர், அவருடைய விரலை எந்த மெசினும் எடுப்பதில்லை, ஒவ்வொரு இடத்திலும் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து வைக்கச் சொல்வார்கள்.

சாய்ந்தமருது 79:

ரீச்சர் சொன்ன இரண்டு கணக்கு யோசனைக்கு என்னுடைய வாக்கும். பாஸ்வேர்ட் இல்லாத கணக்கைப் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. விண்டோஸ் அதை அந்த இயந்திரத்தின் முன்னால் இருந்துதான் திறக்க விடும், நெட்வேர்க் வழியாகத் தூரத்திலிருந்து அந்தக் கணக்கால் நுழைய விடாது, அது ஆரம்பத்திலேயே போட்டிருக்கிற விதி. ஆகவே 1234 என்று ஒரு பேருக்குப் பாஸ்வேர்ட் போடுவதைவிட, அப்பா சேருடைய கணக்குக்கு ஒன்றும் போடாமல் விடுவது அந்த விதத்தில் நல்லது. பின்னும் அப்படித்தான், நாலு இலக்கம்தானே என்று குறைவாக நினைக்கிறோம், அது அந்த ஒரு பெட்டிக்கு வெளியே எங்கேயும் செல்லாது, பாஸ்வேர்ட் களவு போனால் உலகத்தில் எங்கிருந்தும் திறக்கலாம். பின் என்ற யோசனையே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். வேண்டாம் என்று சொல்ல வீட்டாருக்கு வழியை ஒளித்து வைத்திருப்பதுதான் எனக்குக் கோபம்.

நான் ஒரு அலுவலகத்தில் கணினிப் பகுதியில் வேலை செய்கிறேன். 90 நாளைக்கு ஒருமுறை எல்லோரும் பாஸ்வேர்ட் மாற்ற வேண்டும், பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் இருக்க வேண்டும் என்று நானே வருடக்கணக்காகச் சனங்களை வதைத்திருக்கிறேன். அந்த விதிகளுக்குப் பெரிய ஆதாரமாக இருந்தது 2003இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தில் பில் பர் என்பவர் எழுதிய வழிகாட்டி. 2017இல் அவரே, எழுதியதில் பலவற்றுக்கு இப்போது வருந்துகிறேன் என்று பேட்டி கொடுத்தார், அதே வருடம் அந்த நிறுவனமும் காரணம் இல்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்ல வேண்டாம் என்று வழிகாட்டியைத் திருத்தியது. மனிதர்கள் அப்படி மாற்றும்போது கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டுவார்கள், இல்லாவிட்டால் மொனிட்டரில் தாள் ஒட்டி வைப்பார்கள், நானே எத்தனை தாள் கழற்றியிருக்கிறேன். சேர் கொப்பி மட்டையில் எழுதி வைத்ததை வாசித்தபோது அந்தத் தாள்கள்தான் ஞாபகம் வந்தன. அவரில் ஒரு பிழையும் இல்லை, அதை அவருக்குச் சொல்லுங்கள் தங்கச்சி.

கல்லடிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. சனி இரவு பத்து மணிக்குப் போட்டு, ஒன்று வரையும் முழித்திருந்து நானே அடித்தேன், திறந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அண்ணனோடு கதைத்துக்கொண்டே என்னுடைய நம்பரைச் சேர்த்தாயிற்று. 48 இலக்கம் உண்மையாகவே இருந்தது, எங்கள் யாருக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எழுதிக் காணி உறுதியோடு அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். ரீச்சர், நீங்கள் சொன்னதை வாசித்துவிட்டு முழுசாகத் திறந்து போடுகிற எண்ணத்தை விட்டுவிட்டேன். அந்தப் பிள்ளையின் கதை மனதை விட்டுப் போகுதில்லை.

அப்பாவுக்குத் தனிக் கணக்குப் போட்டு, பாட்டு ஃபைல்களையும் இரண்டு பேருக்கும் பொதுவான பப்ளிக் ஃபோல்டருக்கு மாற்றினேன். அப்பா பெயரை அமத்தினார், உள்ளே போனார். ஆனால் ஃபைலைத் திறந்தால் தமிழே இல்லை! முழுக்க ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்து கிடக்கிறது. என்னுடைய கணக்கில் திறந்தால் ஒழுங்காகத் தெரிகிறது. அப்பா பாமினி என்ற பழைய தமிழ் ஃபொண்டில்தான் அடிக்கிறவர். நான் ஏதும் கெடுத்துவிட்டேனா? அவர் பக்கத்திலேயே நிற்கிறார், தயவுசெய்து கெதியாகச் சொல்லுங்கள்.

கல்முனை திருத்தகம்:

ஒன்றும் கெடவில்லை அக்கா. இப்போதைய விண்டோஸில் ஃபொண்டைச் சும்மா இன்ஸ்டோல் பண்ணினால் அந்த ஒரு கணக்குக்கு மட்டும்தான் போகும். பாமினி ஃபொண்ட் ஃபைலில் ரைட் கிளிக் பண்ணி, எல்லாப் பாவனையாளருக்கும் இன்ஸ்டோல் என்பதைக் கொடுங்கள், அது உடனே தெரியாவிட்டால் கூடுதல் தெரிவுகளுக்குள் பாருங்கள். உங்களுடைய கணக்கிலிருந்து செய்யுங்கள், அனுமதி கேட்டால் ஓம் கொடுங்கள். அப்பாவின் கணக்கில் வேர்ட்டை மூடித் திறந்தால் எழுத்து வந்துவிடும். எழுத்தின் அளவையும் கொஞ்சம் கூட்டி விடுங்கள், ஒவ்வொரு கணக்குக்கும் அது வேறு வேறு.

கல்லடிக்கரை:

வந்துவிட்டது தம்பி. அளவை 150 வீதத்துக்குக் கூட்டினேன், அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுவிட்டு முதல் பக்கத்திலிருந்து ஒருதரம் வாசித்துப் பார்த்தார், இரண்டு இடத்தில் "ன" வர வேண்டிய இடத்தில் "ண" என்று கண்டுபிடித்துத் திருத்தினார். இப்போது பதினோராவது பாட்டு அடித்துக்கொண்டிருக்கிறார். யுபிஎஸ் நாளைக்குப் போய்ப் பார்க்கிறேன்.